கோட்டை பார்க்கப் போன கதை

யாழ்ப்பாணத்தவருக்கு உல்லாசப் பிரயாணம் என்பது பெரும்பாலும் கோயிற் பிரயாணமே. நயினாதீவுக்குப் போவோம், செல்வச்சந்நிதிக்குப் போவோம், கீரிமலையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவோம். திருவிழாவும் நேர்த்திக்கடனும் இன்றி, பார்ப்பதற்காகவே ஓரிடத்துக்குப் போய்வருவதென்பது எமது வீட்டில் அண்மைக்காலம் வரை நடவாத காரியம். ஆகையால், பாடசாலை விடுமுறையில் ஒருநாள் எமது மகள், "அப்பா, ஞாயிற்றுக்கிழமை கோட்டையைப் பாத்திட்டுப் பூங்காவுக்கும் போவமே?" என்று கேட்டபோது, உடனே விடை சொல்லத் தோன்றவில்லை.

மகளுக்கு வயது 13, மகனுக்கு 8. இருவரும் கோட்டை என்பதைப் படப்புத்தகங்களிலிருந்து அறிந்தவர்கள். வானளாவிய கோபுரங்கள், தூக்குப்பாலம், உள்ளே முடிதரித்த அரசன், மாடத்திலே நின்று கையசைக்கும் அரசகுமாரி, இவையெல்லாம் யாழ்ப்பாணத்துக் கோட்டையிலும் இருக்கும் என்பது மகனுடைய எண்ணம். நாம் கல்லூரியிற் படிப்பிப்பவராதலால் அவ்வெண்ணத்தைத் திருத்த வேண்டுமென்ற தொழிற்பழக்கம் தலைதூக்கியது. "அங்கை போய்த் தானே பாக்கட்டும். இப்பவே பாடத்தைத் தொடங்காதேங்கோ" என்று மனைவி தடுத்துவிட்டார்.

அப்பொழுது, திண்ணையிலே அரிசி புடைத்துக்கொண்டிருந்த எமது தாயார் தலை நிமிராமலே, "நானும் வாறன், தம்பி" என்றார்.

இது நாம் எதிர்பாராதது. தாயாருக்கு வயது 76. மயிலிட்டியிற் பிறந்து மயிலிட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவர். புடைவை எடுக்கவும் ஆசுப்பத்திரிக்கும் எத்தனையோ முறை பட்டினம் போயிருக்கிறார். பஸ்ஸிலிருந்தபடி கோட்டை மதிலைப் பார்த்திருக்கிறார். ஆனால் உள்ளே கால் வைத்ததில்லை. அவருடைய இளமைக் காலத்தில் கோட்டைக்குள்ளே இருந்தது மறியற்சாலை. 'கோட்டைக்குள்ளை போனவன்' என்று ஒருவனைப்பற்றி ஊரிலே சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். பின்னர் அது படைமுகாமாயிற்று. அப்பொழுது அந்தப் பக்கம் முகம் திருப்பவும் எவரும் விரும்பியதில்லை.

அவர் புறப்பட்டது வேறொரு காரணத்தாலும் எமக்கு வியப்பை அளித்தது. அந்த வாரம் முழுவதும் அவர் எம்முடன் சரியாகப் பேசவில்லை. காரணம் ஒரு சுவர்.

மயிலிட்டி மக்கள் 1990 யூன் மாதத்தில் ஊரைவிட்டு வெளியேறினர். அப்பொழுது எமக்குப் பத்து வயது. நாலைந்து நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, பெற்றோர் அடுப்படியில் விறகைக்கூட அடுக்கிவைத்துவிட்டு வந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது இடையிலே 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. தகப்பனார் அதனைக் காணவில்லை. வாடகை வீடொன்றிலே காலமானார். அதன்பின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோது எமக்கும் காணி கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. பற்றைக்குள்ளே கிணறு இருந்தது. குசினியின் மேற்குச் சுவரில் ஆளுயரத் துண்டொன்று நின்றது. மற்றெல்லாம் தரைமட்டம்.

அந்தச் சுவர் முருகைக்கல்லாலானது. திருமணமாகிய புதிதில் தகப்பனார் தாமே வள்ளத்திற் கொண்டுவந்து சேர்த்த கல். இப்பொழுது புதிய வீடு கட்டும் வேளையில், அத்துண்டு சரியாக விறாந்தையின் நடுவிலே வருகின்றது. மேசன் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதை இடிச்சால்தான் அத்திவாரம் வெட்டலாம்" என்றார். "காணி முழுக்க எடுத்துக்கொள்ளுங்கோ, அந்தச் சுவரிலை மட்டும் கை வையாதேங்கோ" என்று தாயார் சொல்லிவிட்டார். நாம் வரைபடத்தை வலமாகத் திருப்பினோம், இடமாகத் திருப்பினோம். ஒரு பக்கம் கிணறு; மறு பக்கம் ஒழுங்கை. பொறுமையிழந்து ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னோம். அன்றிலிருந்து வீட்டிலே மௌனம். மேசன் வரும் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

இத்தகைய நிலையிலேதான் ஞாயிற்றுக்கிழமை காலை, அயலவர் ஒருவருடைய வானிலே ஐவரும் ஏறினோம். மடியிலே ஒரு பெட்டி நிறையப் பனங்காய்ப் பணியாரத்துடன் தாயார் முன்னாசனத்தில் அமர்ந்தார். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கொக்குவில் என்று காங்கேசன்துறை வீதி வழியே இருபது கிலோமீற்றர் அளவான பிரயாணம். வழி முழுவதும் மகன் கேட்ட கேள்வி ஒன்றே: "கோட்டையிலை பீரங்கி இருக்குமா?"

முற்றவெளியை அடைந்ததும் முதலில் முனியப்பர் கோயிலிற் கற்பூரம் கொளுத்தினோம். கோட்டை அகழியின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சிறு கோயிலைத் தாண்டித் தாயார் வேறெங்கும் முதலிற் போகமாட்டார் என்பது தெரிந்ததே. வெளியிலே சோளகக் காற்று மணலை அள்ளி வீசிற்று. 1974 தை மாதம், உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதியில் உயிரிழந்தவர்களின் நினைவுத்தூண்கள் அந்த வெளியிலேதான் நிற்கின்றன. மகள் அவற்றை நின்று பார்த்தாள். அதைப்பற்றி இன்னொரு நாள் சொல்வதாகக் கூறி நடந்தோம். பிள்ளைகளுடன் ஒரு பகலிலே எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க முடியாத ஊர் இது.

கோட்டையை முதன்முதல் காண்பவர் ஏமாற்றமடைவர். மகனும் அடைந்தான். "இது மதில்தானே! கோட்டை எங்கை?" என்றான். கோபுரமில்லை, உயரமில்லை. சரிவான, பருத்த, பதிந்த மதில்கள்; அவற்றைச் சூழ்ந்து அகழி. ஐரோப்பாவின் மத்தியகால அரசர் கட்டிய கோட்டைகள் உயர்ந்தவை. அம்புக்கும் ஏணிக்கும் எதிராகக் கட்டப்பட்டவை. பீரங்கி வந்தபின் உயரமே ஆபத்தாயிற்று. உயர்ந்த மதில் குண்டுபட்டால் சரிந்துவிழும். ஆகவே மதிலைப் பதித்து, அகலமாக்கி, பின்னாலே மண்ணை நிரப்பி, மூலைகளிலே அம்புத்தலை போன்ற கொத்தளங்களை வெளியே நீட்டினர். மதிலடிக்கு வந்த பகைவன் எந்த இடத்தில் நின்றாலும், பக்கத்துக் கொத்தளமொன்றின் பீரங்கி வாய்க்கு நேரே நிற்பான். மறைவதற்கு ஒரு மூலையும் கிடையாது. யாழ்ப்பாணக் கோட்டை இந்த முறையில் அமைந்த ஐங்கோணக் கோட்டை. அதன் ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தம் நாட்டு மாகாணங்களின் பெயரையே இட்டனர்: சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஒல்லாந்து, பிரீஸ்லாந்து. பனைநாட்டு மண்ணிலே நின்றுகொண்டு, 'இது ஒல்லாந்து, அது உட்ரெக்ட்' என்று பெயரிட்டு ஆறுதலடைந்தவர்களின் வீட்டு நினைவை எண்ணிச் சற்றே நகைத்தோம். பின்னர் ஏனோ நகைக்கத் தோன்றவில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் எமது ஊர்ச் சங்கங்களும் எத்தனை வேற்றூர்களில் மயிலிட்டிப் பெயரைப் பலகையில் எழுதிவைத்திருந்தன!

பாலத்தைக் கடந்து, குகைபோன்ற வாயிலினூடாக உள்ளே புகுந்தோம். வெளியிலே இருந்த வெயிலும் காற்றும் ஒரு கணம் நின்று, குளிர்ந்த கல்லின் வாசனை வந்தது.

"அப்பா, ராசா எங்கை இருந்தவர்?" என்றான் மகன்.

இந்தக் கேள்வி நல்ல கேள்வி. விடையும் எளிது: இக்கோட்டையில் ஒருபோதும் எந்த அரசனும் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து அரசரின் தலைநகரம் நல்லூர். 1619ஆம் ஆண்டில் பிலிப் தெ ஒலிவேரா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். பிடிபட்ட சங்கிலி மன்னன் கோவைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். அரசு வீழ்ந்த பின்னரே, கடலோரத்திலே, வெற்றிபெற்றவர்களைக் காப்பதற்காகக் கோட்டை எழுந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அக்கோயிற் கற்களும் இக்கோட்டைக்கு வந்து சேர்ந்தன என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

"நல்லூரான்ரை கல்லோ?" என்று தாயார் கேட்டார். அதுவரை எம்முடன் நேராகப் பேசாதவர் அப்பொழுதுதான் எம்மைப் பார்த்தார். "அப்பிடித்தான் சொல்லுவினம், அம்மா" என்றோம். அவர் மதிலை நோக்கி ஒருமுறை கைகூப்பினார்.

போர்த்துக்கேயரின் கோட்டை நாற்கோணமானது. 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதனைப் பிடித்தனர். படையுடன் வந்திருந்த போதகர் பல்தேயு அந்தக் காலத்தைப்பற்றி எழுதிய நூல் 1672இல் அச்சாயிற்று. ஒல்லாந்தர் பழைய கோட்டைக்குப் பதிலாக இந்த ஐங்கோணக் கோட்டையைக் கட்டினர். உள் மதில்கள் 1680 அளவில் முடிந்தன. வெளிச்சுற்று அரண்கள் நிறைவேறியது 1792இல். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு! மூன்றே ஆண்டுகளில், 1795இல், ஆங்கிலேயர் வந்தபோது ஒல்லாந்தர் எதிர்த்துப் போராடாமலே கோட்டையை ஒப்படைத்துவிட்டனர். இதனை வகுப்பறையிற் சொல்லும்பொழுது மாணவர் சிரிப்பர். ஆனால் அக்காலத்தில் ஊழியம் என்ற பெயரிலே குடிமக்களிடம் ஒல்லாந்தர் கட்டாய வேலை வாங்கினர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் சிரிப்பு அடங்கும். கல் சுமந்தவன் எவனுடைய பெயரும் எந்தக் கொத்தளத்திலும் இல்லை.

'இராசமாளிகை' என்று பெயர்பெற்ற ஒரு கட்டிடத்தின் எச்சமும் உள்ளே இருக்கின்றது. அது தேசாதிபதிகள் வந்தால் தங்குவதற்கும் ஒல்லாந்தத் தளபதி வசிப்பதற்கும் உரிய வீடு, பெயர்தான் இராசாவினுடையது. மதிலின்மேல் இருந்த பங்களாவொன்றில் 1905 முதல் சில காலம் வசித்தவர் லெனாட் வுல்ப் என்ற இளம் ஆங்கில உத்தியோகத்தர். பிற்காலத்தில் வர்ஜீனியா வுல்ப் என்ற எழுத்தாளரை மணந்தவரும் இலங்கைக் கிராம வாழ்வைப்பற்றி நாவல் எழுதியவரும் அவரே. மகளுக்கு இது பிடித்தது. மகனுக்குப் பிடிக்கவில்லை, அவன் அகழியின் பக்கம் ஓடி, குனிந்து பார்த்து, ஒரு காற் செருப்பை நீருக்குள் விட்டுவிட்டான். ஒல்லாந்தரின் அகழி கடைசியாக ஒரு பொருளைக் கைப்பற்றிய நாள் அதுவாகத்தான் இருக்கும். மனைவி ஒல்லாந்தரை விட்டு எம்மையே கடிந்தார்.

பின்பு ஒல்லாந்தரின் சிலுவைக் கோயில் இருந்த இடத்துக்குப் போனோம். 1706இல் எழுந்த அந்தப் பெருங்கட்டிடம் சிலுவை வடிவில் அமைந்து, தளத்திலே ஒல்லாந்த உத்தியோகத்தரின் கல்லறைப் பலகைகளைக் கொண்டிருந்தது. இன்று அது கற்குவியல். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது கோட்டைக்குள்ளே இருந்த படையினரைப் புலிகள் முற்றுகையிட்டனர். செப்டெம்பர் இறுதியிற் படையினர் வெளியேறினர். அதன்பின் மதில்களிற் பல பகுதிகள் இடிக்கப்பட்டன. 1995 முடிவிலே கோட்டை மீண்டும் படையினர் வசமாயிற்று. இருபுறமும் ஏவிய எறிகணைக்குத் தப்பிய கட்டிடம் உள்ளே ஒன்றும் முழுதாக இல்லை. போர் முடிந்தபின், நெதர்லாந்து அரசின் உதவியுடன் தொல்பொருட் திணைக்களம் புனரமைப்பைத் தொடங்கிற்று. அகழ்ந்தபோது போர்த்துக்கேயருக்கு முந்திய மட்பாண்டங்களும், சீனத்துப் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன. கோட்டைக்கு முன்னரே இக்கரையில் வாணிகம் செழித்திருந்தது என்பதற்கு அவை சாட்சி.

இவற்றை மகளுக்கு விளக்கிக்கொண்டு திரும்பியபோது தாயாரைக் காணவில்லை. தேடினோம். சற்றுத் தொலைவில், செப்பனிடப்படாத மதிற்பகுதியொன்றின் முன்னே நின்று, உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது முருகைக்கல்லெல்லோ, தம்பி" என்றார்.

ஆம், முருகைக்கல்தான். கோட்டையின் பெரும்பகுதி அதுவே. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் கடலிலே அது வளர்ந்த கோலம் தெரிகின்றது: சிலவற்றிலே தேன்கூடு போன்ற கண்கள், சிலவற்றிலே மூளையின் மடிப்புப்போல வளைந்தோடும் வரிகள். மகன் விரலால் அந்த வரிகளைப் பின்பற்றினான். பள்ளியிலே எம்மிடம் வரலாறு கேட்கும்போது கொட்டாவி விடும் மகள், அப்பம்மாவின் பக்கத்திற் போய் நின்றாள். அங்கே தொடங்கிற்று பாடம், படிப்பித்தவர் நாமல்லர்.

"கடலுக்குள்ளை இருக்கேக்கை இது மெத்தெண்டு இருக்கும், மோனை. அலவாங்காலை கிளப்பலாம். வெயிலிலை போட்டால்தான் இறுகும். உப்புப் போக ஒரு மாரி மழையிலை நனைய விடவேணும். நனையவிடாமல் கட்டினால் சுவர் வேர்க்கும்; சாந்து உரிஞ்சு விழும்" என்றார். உடைந்த துண்டுகளைச் சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதையும், அதனை நீற்றி, மணலுடன் குழைத்து, பனங்கட்டி கரைத்த நீரும் விட்டுப் பல நாள் புளிக்கவிடுவதையும் சொன்னார். தகப்பனார் மூன்று சோளக காலம் கல் சேர்த்தாராம். ஒரு நாள் வள்ளம் பாரத்திலே தாழ்ந்து, பாதிக் கல்லை மீண்டும் கடலிலே தள்ளிவிட்டு, கோபத்துடன் வீட்டுக்கு வந்தாராம். "அண்டைக்கு அந்த மனிசன் சோறும் தின்னேல்லை." இந்தக் கதையை நாம் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டதில்லை.

அவர் கூறியவற்றிலே ஒன்று எமக்குப் பிற நாட்டுக் கோட்டையொன்றை நினைவூட்டியது. அமெரிக்காவின் புளோரிடாவில், சென் ஓகஸ்தீன் என்ற பட்டினத்திலே, ஸ்பானியர் 1672இல் தொடங்கிய கோட்டையொன்று உண்டு. ஏறத்தாழ எமது கோட்டையின் வயது. அதுவும் கடல் தந்த கல்லால், சிப்பிகள் இறுகிய மெத்தெனற கல்லாலானது. 1702இல் ஆங்கிலேயர் அதனை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது, மதில் வெடித்துச் சிதறாமல் குண்டுகளை உள்வாங்கிக்கொண்டதாம். கடினமான கல் உடைகின்றது. மெத்தென்ற கல் தாங்குகின்றது. முருகைக்கல்லின் இயல்பும் இதற்கு அயலானதன்று.

"இப்ப ஏன் அப்பிடி வீடு கட்டேல்லை, அப்பம்மா?" என்று மகள் கேட்டாள். விடையை நாமே சொன்னோம். முருகைப் பார் கரையைக் கடல் அரிக்காமற் காக்கின்றது; மீன் குஞ்சு பொரித்து வளரும் இடமும் அதுவே. ஆகவே அதனை வெட்டியெடுப்பது இலங்கையிற் சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளது. கோட்டையைத் திருத்தியவர்களும் புதிதாகக் கல் எடுக்க இயலாமையால், விழுந்து கிடந்த பழைய கற்களையே பொறுக்கி மீண்டும் அடுக்கினர்.

"விழுந்த கல்லையே?" என்றார் தாயார்.

"ஓம். பாருங்கோ, அந்த வரிசைக்குக் கீழே பழைய கட்டு. மேலே புதுக் கட்டு. கல் எல்லாம் பழசுதான்."

அவர் நெடுநேரம் அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு, "இந்தக் கோட்டையை நான் காதாலைதான் கண்டது" என்றார். அவர் எதனைச் சொல்கிறார் என்பது எமக்கு விளங்கிற்று. 1990இல் ஊரைவிட்டு ஓடிவந்து, மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்திலே படுத்திருந்த மூன்று மாதமும், இரவிலே கோட்டைப் பக்கத்திலிருந்து வெடியோசை வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வோர் ஓசைக்கும் எமது காதைத் தம் கையாற் பொத்தினார் என்பது நினைவிருக்கின்றது. அவருடைய காதை யார் பொத்தினார்கள் என்று அந்த வயதிலே நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. கோட்டைக்குள்ளே ஒதுங்க நிழல் குறைவு. பிள்ளைகளின் வாய் பூங்கா, பூங்கா என்று முணுமுணுக்கத் தொடங்கவே, கொத்தளத்தின்மேல் ஒரு சுற்று நடந்து, கடனீரேரியையும் பண்ணைப் பாலத்தையும் அப்பாலுள்ள மண்டைதீவையும் பார்த்துவிட்டு வெளியேறினோம். பொது நூலகத்தின் வெள்ளை மாடத்தைக் கடந்தபோது, 1981இல் அது எரியுண்டதை மகள் தானாகவே தம்பிக்குச் சொன்னாள். "97,000 புத்தகம்" என்றாள். அவன், "வாசிச்சு முடிச்ச புத்தகமா?" என்று கேட்டான். எவருக்கும் விடை தெரியவில்லை.

சுப்பிரமணியம் பூங்கா பக்கத்திலேயே இருக்கின்றது. பெரிய பூங்காவன்று, வெளிநாட்டுப் பூங்காக்களைப் பார்த்தவர் இதனை ஒரு பொருட்டாக எண்ணார். ஆனால் ஊஞ்சலும் சறுக்கும் மரநிழலும் இருந்தால் எட்டு வயதுக்கு வேறென்ன வேண்டும்? ஒற்றைச் செருப்புடன் வந்த மகன் அதையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். மகள், தான் பெரியவளாகிவிட்டதாக எண்ணிச் சிறிது நேரம் வாங்கிலே அமர்ந்திருந்தாள். பின்னர் எம்மைக் கடைக்கண்ணாற் பார்த்துக்கொண்டே ஊஞ்சலுக்குப் போய்விட்டாள். மனைவி இடியப்பப் பொதியை அவிழ்த்தார். பணியாரப் பெட்டி திறந்ததும் இரு பிள்ளைகளும் அழையாமலே வந்தனர். பக்கத்து வாங்கிலே இருந்த குடும்பத்தாருக்கும் தாயார் ஆளுக்கொன்று கொடுத்தார். அவர்கள் தீவுப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களும் கோட்டை பார்த்துவிட்டு வந்தவர்களே. "உள்ளுக்கை ஒண்டும் இல்லை, வெறும் கல்லுத்தான்" என்று அந்த அம்மாள் சொன்னார். தாயார் சிரித்துக்கொண்டார்.

பிள்ளைகள் மீண்டும் ஓடியபின், வாங்கில் நாமும் தாயாரும் தனித்திருந்தோம். சுவரைப்பற்றிப் பேச நாம் எண்ணவில்லை. இவ்வளவு நல்ல பகலைக் கெடுப்பானேன்?

அவரே தொடங்கினார்.

"தம்பி, திங்கட்கிழமை மேசன் வருவாரோ?"

"வருவார். வேண்டாமெண்டால் சொல்லிவிடுறன்."

"வரட்டும். இடிக்கட்டும்."

நாம் பேசாதிருந்தோம்.

"ஆனால் கோடாலியாலை அடிச்சு நொறுக்க விடமாட்டன். ஒவ்வொரு கல்லாய்க் கழட்ட வேணும். அதுக்கு எத்தினை நாள் செண்டாலும் கூலியை நான் குடுப்பன். கழட்டின கல்லு முழுக்க அத்திவாரத்துக்குள்ளை போகவேணும். ஒரு கல்லும் வெளியிலை போகப்படாது." சிறிது நிறுத்தி, "நல்லூரான்ரை கல்லே எழும்பி நடந்திருக்கு. அந்த மனிசன்ரை கல்லு பத்து முழம் தள்ளிப் போனால் என்ன?" என்றார்.

கடந்த வாரம் கடுமையாகப் பேசியதற்கு வருந்துகிறோம் என்று சொல்லவேண்டும் என்று நினைத்தோம். எமது வீட்டிலே அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. "தேத்தண்ணி வாங்கிவரட்டோ, அம்மா?" என்று கேட்டோம். "சீனி குறைச்சு" என்றார்.

மாலையிலே பண்ணைக் கடற்கரையில் சற்று நேரம் காற்று வாங்கினோம். சூரியன் இறங்கும் வேளையிற் கோட்டை மதில் மஞ்சளாகிப் பின் சாம்பல் நிறமாயிற்று. மகனுக்கு வேறு செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனதில் நேரமாகிவிட்டது. திரும்பும் வழியிலே இருவரும் உறங்கிவிட்டனர். தெல்லிப்பழையைத் தாண்டிக் கடற்காற்று முகத்தில் அடித்ததும் தாயார் யன்னற் கண்ணாடியைத் தாழ்த்தினார்.

மேசன் திங்கட்கிழமை சொன்னபடியே வந்தார். எமது தாயாரின் நிபந்தனையைக் கேட்டு முதலில் தலையைச் சொறிந்தார். முருகைக்கல்லை அத்திவாரத்துக்குப் போட்டால் அதன்மேல் நல்ல கொங்கிறீற்று வளையம் வேண்டும், சீமெந்து கூடச் செல்லும் என்று கணக்குப் போட்டார். செலவு எமக்கு நெருக்கடிதான், ஒத்துக்கொண்டோம். சுவரைப் பிரிக்க இரண்டரை நாள் சென்றது. பழைய சுண்ணாம்புச் சாந்து அவ்வளவு இறுக்கமாயிருந்தது. மேசனே ஓரிடத்தில் உளியை நிறுத்தி, "ஐயா நல்லாய்த்தான் கட்டியிருக்கிறார்" என்றார். தாயார் பக்கத்திலே கதிரை போட்டு அமர்ந்திருந்து, கழற்றிய கல்லைத் துடைப்பத்தாற் தட்டி, பிள்ளைகளைக்கொண்டு எண்ணுவித்தார். 214 கல். அவற்றிலே மூளை வரி ஓடிய பெரிய கல்லொன்றை மகன் தன் பங்கென்று சொல்லி, எவரையும் தொடவிடாமல், கிடங்குவரை தானே உருட்டிக்கொண்டு வந்தான். அதனை ஈசான மூலையில் இறக்கும்படி தாயார் சொன்னார்.